ஜார் ஆட்சியை இனிக் காப்பாற்ற முடியாது என்று ஆனது எப்போது?

ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

ரஷ்யப் புரட்சி என்று பேச்செடுத்தாலே லெனினும் அவர் கட்சியான போல்ஷெவிக்குகளும் அவர்கள் பிடித்த குளிர்கால அரண்மனையும்தான் வருகின்றன. ஜாரை, அதாவது ரஷ்யப் பேரரசரை, இறக்கியவர்கள் அவர்கள் இல்லை. 1917 மார்ச்சில் இரண்டாம் நிக்கோலாஸ் முடிதுறந்தபோது லெனின் சூரிச்சில் இருந்தார். அந்த ஜனவரியில் அங்கே இளைஞர்களிடம் பேசும்போது, வரப்போகும் புரட்சியின் தீர்மானமான போராட்டங்களை எங்கள் தலைமுறை பார்க்காமலே போகலாம் என்று சொன்னவர் அவர்.

1613-ல் தொடங்கிய ரோமனோவ் வம்சம் 1913-ல் முந்நூறாவது ஆண்டைக் கோலாகலமாகக் கொண்டாடியது. நான்கே ஆண்டில், இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு கலகத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு வேகமாக விழுந்தது என்றால், வெகு முன்பே ஏதோ ஒன்று அறுந்திருக்க வேண்டும். எது, எப்போது என்பதுதான் கேள்வி.

என் பதில் 1906–07. (தேதிகளை அப்போதைய ரஷ்யக் காலண்டர்படி சொல்கிறேன். நம் காலண்டருக்கு, இருபதாம் நூற்றாண்டுத் தேதிகளோடு 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

1905-ல் நாடே கொதித்தது. ஜப்பானிடம் தோல்வி, பொது வேலைநிறுத்தம், கிராமங்களில் பண்ணை வீடுகளுக்குத் தீ. வேறு வழியில்லாமல் அக்டோபர் 17 அன்று நிக்கோலாஸ் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, டூமா என்ற நாடாளுமன்றம், அதன் சம்மதம் இல்லாமல் சட்டம் இல்லை என்ற வாக்குறுதி. மிதவாதிகளில் பெரும்பகுதி அதை நம்பி அமைதியானது. அப்புறம் என்ன நடந்தது? 1906 ஏப்ரலில் பாரிசில் 225 கோடி பிராங்க் கடன் கிடைத்தது. பணத்துக்காக டூமாவிடம் போய் நிற்க வேண்டிய நிலை போயிற்று. அந்தக் கடனை வாங்கித் தந்த பிரதமர் விட்டேயைக் கையோடு அனுப்பிவிட்டார்கள். டூமா கூடுவதற்கு நான்கு நாள் முன்பு அடிப்படைச் சட்டங்கள் வந்தன: அமைச்சர்கள் ஜாருக்கு மட்டுமே பதில் சொல்வார்கள், படை அவருடையது, டூமாவைக் கலைக்கும் உரிமையும் அவருடையது. முதல் டூமா நிலச் சீர்திருத்தம் கேட்டது. இரண்டரை மாதத்தில் கலைத்தார். இரண்டாவது 1907 ஜூன் 3 வரை. அன்றே தேர்தல் சட்டத்தையும் மாற்றி, நிலப்பிரபுக்களின் ஓட்டுக்குப் பல மடங்கு எடை கொடுத்தார். டூமா இல்லாமல் தேர்தல் சட்டத்தை மாற்றக் கூடாது என்று சொன்னது அவருடைய சொந்தச் சட்டம்தான்.

ஆட்சியோடு ஒத்துப்போகத் தயாராக இருந்தவர்களுக்கு ஜாரின் சொல்லை நம்பக் கூடாது என்று அவரே கற்றுக்கொடுத்தது அந்த இருபது மாதத்தில்தான். உங்கள் கருத்து என்ன?

சுடர்விழி

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் தாமதமாகத் தொடங்குகிறீர்கள். என் கணக்கில் அது 1881 மார்ச் 1.

பண்ணையடிமைகளை 1861-ல் விடுவித்த இரண்டாம் அலெக்சாண்டர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைச் சட்டம் எழுதும் ஆலோசனைக் குழுக்களில் சேர்க்கும் திட்டத்துக்கு அன்று காலைதான் சம்மதம் கொடுத்திருந்தார். உள்துறை அமைச்சர் லோரிஸ்-மெலிக்கோவ் கொண்டுவந்த திட்டம். அது நாடாளுமன்றம் இல்லை, ஆனாலும் முதல் படி. பிற்பகலில் 'மக்கள் விருப்பம்' என்ற புரட்சிக் குழுவினர் கால்வாய்க் கரையில் குண்டு வீசினார்கள். முதல் குண்டுக்குத் தப்பி, காயம்பட்டவர்களைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கியவரை இரண்டாவது குண்டு கொன்றது.

மகன் மூன்றாம் அலெக்சாண்டர் திட்டத்தைக் குப்பையில் போட்டார். ஏப்ரல் மாதமே எதேச்சதிகாரம் அசையாது என்று பிரகடனம். அதை எழுதிக் கொடுத்த போபெதனோஸ்த்சேவ், நாடாளுமன்றம் என்பதே பெரும் பொய் என்று நம்பியவர். நிக்கோலாசுக்கும் அவர்தான் ஆசிரியர். தாத்தா அரண்மனையில் ரத்த வெள்ளத்தில் இறந்ததை நிக்கோலாஸ் 12 வயதில் கட்டிலருகே நின்று பார்த்திருக்கிறார். சலுகை கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதை அந்தப் பையன் எப்படி மறப்பான்?

பட்டத்துக்கு வந்த மூன்றே மாதத்தில், 1895 ஜனவரியில், உள்ளாட்சி மன்றப் பிரதிநிதிகள் வாழ்த்துச் சொல்ல வந்தபோது, நிர்வாகத்தில் பங்கு கேட்பதை 'அர்த்தமற்ற கனவுகள்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ரஷ்ய மண்ணின் எஜமான்' என்று எழுதினார். இப்படி வளர்ந்தவர் 1906-ல் வேறு மாதிரி நடந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

தச்சநல்லூரான்

இரண்டு பேரும் அரண்மனைக்குள்ளேயே நிற்கிறீர்கள். நாட்டில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தார். அவர்களுக்கு டூமாவும் தெரியாது, அடிப்படைச் சட்டமும் தெரியாது. நிலம்தான் தெரியும்.

1861-ல் விடுதலை கொடுத்தார்கள், சரி. நிலத்தை எப்படிக் கொடுத்தார்கள்? முன்பு உழுதுகொண்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியை வெட்டிப் பண்ணையாருக்கு விட்டுவிட்டு, மீதிக்குச் சந்தை விலையைவிட அதிகம் போட்டு, 49 ஆண்டுத் தவணையில் மீட்புத்தொகை கட்டச் சொன்னார்கள். தவணைக்கு ஊரே பொறுப்பு. ஊர்ச்சபை விடாமல் ஒருவர் வெளியேறவும் முடியாது. 1891–92 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பஞ்சம் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் தானிய ஏற்றுமதி நடந்துகொண்டுதான் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் 'தந்தை ஜார் நல்லவர், அதிகாரிகள்தான் கெட்டவர்கள்' என்ற நம்பிக்கை ஒன்று இருந்தது. முடியாட்சியின் உண்மையான அஸ்திவாரம் அதுதான். 1905 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாதிரியார் கப்போன் தலைமையில் தலைநகர்த் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு சாமி படங்களையும் ஜார் படத்தையும் தூக்கிக்கொண்டு மனுக் கொடுக்கப் போனார்கள். எட்டு மணி நேர வேலை, நல்ல கூலி, அரசியல் நிர்ணய சபை எல்லாம் அந்த மனுவில் இருந்தது. ஜார் ஊரிலேயே இல்லை, நகருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் இருந்தார். படை சுட்டது. அரசே ஒப்புக்கொண்ட சாவு நூற்றுக்கு மேல். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஊரில் நிலமும் சொந்தபந்தமும் உள்ளவர்கள். செய்தி கிராமம் கிராமமாகப் போயிற்று. தேதி கேட்டால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன்.

நிலவன்

மூவரும் சொன்னதைப் படித்தேன். அப்படியானால் 1907-லிருந்து 1914 வரை ஏன் விழவில்லை?

அந்த ஆண்டுகளில் ஆட்சி மீண்டுகொண்டுதான் இருந்தது. மீட்புத்தொகை 1907-லிருந்து ரத்து. ஊர்ச்சபையிலிருந்து பிரிந்து சொந்த நிலத்தில் பயிர் செய்யப் பிரதமர் ஸ்தொலிப்பின் வழி திறந்தார். (ஊரெங்கும் தூக்குமேடைகளை நாட்டியவரும் அவர்தான், அதை மறைக்கவில்லை.) தனக்கு இருபது ஆண்டு அமைதி வேண்டும் என்றார், 1911 செப்டம்பரில் கீவ் நாடக அரங்கில், ஜார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். அதற்குப் பிறகும் தொழில் வளர்ந்தது, விளைச்சல் நன்றாக இருந்தது. 1912-ல் லேனா தங்கச்சுரங்கத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் வேலைநிறுத்தங்கள் மறுபடி கூடியது உண்மை. ஆனாலும் அவை ஆட்சியைக் கவிழ்க்கும் அளவுக்குப் போகவில்லை.

கவிழ்த்தது போர். ஜெர்மனியோடு போர் வந்தால், தோல்வி தொடங்கியதுமே சமூகப் புரட்சி வரும், மிதவாதிகளால் அதைத் தாங்க முடியாது என்று 1914 பிப்ரவரியிலேயே நிக்கோலாசுக்கு எழுதிக்கொடுத்தவர் துர்னோவோ. அவர் புரட்சிக்காரர் இல்லை, கடும் பிற்போக்குவாதி, முன்னாள் உள்துறை அமைச்சர். வரிக்கு வரி அப்படியே நடந்தது.

ஒன்றரைக் கோடிப் பேரைப் படைக்கு இழுத்தார்கள். 1915-ல் துப்பாக்கியே இல்லாத சிப்பாய்கள் செத்தவன் துப்பாக்கிக்குக் காத்திருந்தார்கள். போலந்து முழுவதும் போயிற்று. அரசின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வோட்கா விற்பனையில் வந்தது. போர் தொடங்கியதும் அதைத் தடை செய்து, அந்த ஓட்டையை நோட்டு அடித்து நிரப்பினார்கள். விலைவாசி ஏறாமல் என்ன செய்யும்?

ஆற்றங்கரை

நிலவன், போர் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் போரின் நடுவிலும் ஒரு வாசல் திறந்தது. 1915 ஆகஸ்ட். டூமாவில் பெரும்பான்மை ஒன்றுசேர்ந்து 'முற்போக்கு அணி' அமைத்தது. புரட்சிக்காரர்கள் இல்லை, வலதுசாரி தேசியவாதிகள்கூட அதில் இருந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: மக்கள் நம்பிக்கைக்குரிய அமைச்சரவை. பெரும்பாலான அமைச்சர்களே அதை ஒட்டிப் போகலாம் என்றார்கள்.

நிக்கோலாஸ் என்ன செய்தார்? டூமாவை ஒத்திவைத்தார். சித்தப்பா முறையான கிராண்ட் டியூக் நிக்கோலாயை நீக்கிவிட்டுத் தானே தலைமைத் தளபதி ஆனார். வேண்டாம், உங்களுக்கும் வம்சத்துக்கும் ஆபத்து என்று எட்டு அமைச்சர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார்கள். கேட்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரில் எழுதப்பட்டது, தலைநகரில் ஆட்சி ராணி கைக்குப் போனது. 1916 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை எண்ணினால் கொரெமிக்கின், ஸ்டூர்மர், த்ரேப்போவ், கலீத்சின் என்று ஓராண்டுக்குள் நான்கு பிரதமர்கள். கடைசி ஆள் தன்னை விட்டுவிடும்படி கெஞ்சியும் அவரையே நியமித்தார்கள்.

1907-ல் சொல்லை மீறியதன் விலை இங்கேதான் தெரிகிறது. 1915-ல் கை நீட்டியவர்கள், 1907-ல் பட்ட அனுபவத்தை மறக்காமலேதான் நீட்டினார்கள். இரண்டாம் முறையும் தட்டிவிட்ட பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. 1916 நவம்பர் 1 அன்று டூமாவில் மிதவாதக் கட்சித் தலைவர் மிலியுக்கோவ் அரசின் ஒவ்வொரு செயலையும் சொல்லி, 'இது முட்டாள்தனமா, துரோகமா' என்று கேட்டாரே, அவர் அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சியை விரும்பியவர்!

குறிஞ்சி77

ரஸ்புடினை யாரும் தொடவே இல்லையே? எல்லாவற்றுக்கும் அந்தச் சாமியார்தான் காரணம் என்று படித்து வளர்ந்தோம்.

சுடர்விழி

குறிஞ்சி, ரஸ்புடினுக்கு அளவுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டார்கள். அவரால் ஆட்சி விழவில்லை. ஆனால் அவர் அங்கே எப்படி நுழைந்தார் என்பது முக்கியம்.

நான்கு பெண்களுக்குப் பிறகு 1904-ல் பிறந்த ஒரே ஆண் வாரிசு அலெக்சி. ரத்தம் உறையாத ஹீமோபீலியா. ராணி அலெக்சாண்ட்ரா விக்டோரியா மகாராணியின் பேத்தி, நோய் அந்த வழியில் வந்தது. 1912-ல் ஸ்பாலா என்ற ஊரில் பிள்ளை சாகக் கிடந்தபோது, பயப்படாதே, பிழைப்பான் என்று ரஸ்புடின் தந்தி அடித்தார், பிள்ளை தேறினான். அதற்குப் பிறகு அந்தத் தாயிடம் யார் என்ன சொல்லி எடுபடும்? நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

தவறு நோயை ராஜரகசியமாக மறைத்ததில் இருக்கிறது. காரணம் தெரியாத மக்கள் தாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். ராணி பிறப்பால் ஜெர்மானியர், போரோ ஜெர்மனியோடு. ஆபாசமான கேலிப் படங்கள், உளவாளி என்ற வதந்தி எல்லாம் போர்முனை வரை போயின. அவர் உளவு பார்த்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1916 டிசம்பரில் யூசுப்போவ் இளவரசரும், ஜாரின் ஒன்றுவிட்ட தம்பி திமித்ரியும், தீவிர முடியாட்சிவாதி புரிஷ்கேவிச்சும் சேர்ந்து ரஸ்புடினைக் கொன்றார்கள். முடியாட்சியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். பத்து வாரம் கழித்து முடியாட்சியே இல்லை.

பழையபேப்பர்

அந்தக் கடைசி நாட்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெரிய மனிதர்களின் பெயர்களே வந்துகொண்டிருக்கின்றன. தொடங்கியவர்கள் பெண்கள்.

தலைநகர் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அந்தக் குளிர்காலத்தில் ரொட்டிக்கு விடிய விடிய வரிசை. நாட்டில் தானியமே இல்லை என்று சொல்ல முடியாது. ரயில்கள் போர்முனைக்கே ஓடின, தலைநகருக்கு மாவு வந்து சேரவில்லை. ரேஷன் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியதும் கடைகள் காலியாயின. பிப்ரவரி 22 அன்று பூத்திலோவ் என்ற பெரிய ஆயுத ஆலை கதவை அடைத்துவிட்டது. அதே நாளில்தான் நிக்கோலாஸ் மகிலியோவில் இருந்த படைத் தலைமையகத்துக்கு ரயில் ஏறினார். மறுநாள் 23, உலக மகளிர் தினம். வீபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். பக்கத்து இரும்பாலைகளின் முன் நின்று ஆண்களை வெளியே கூப்பிட்டார்கள். அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்று புரட்சிக் கட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இந்தப் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. 25-ம் தேதி ஊரே நின்றுவிட்டது. கூட்டத்தை அடிக்க வந்த கொசாக் குதிரைப்படையினர் அடிக்கவில்லை.

அன்று இரவு ஜாரின் தந்தி வந்தது: தலைநகரின் ஒழுங்கீனங்களை நாளையே நிறுத்த ஆணையிடுகிறேன். 26 ஞாயிறு, படை சுட்டது. ஸ்னாமென்ஸ்காயா சதுக்கத்தில் பிணங்கள் விழுந்தன. சுட்டவர்களில் வோலின்ஸ்கி படைப்பிரிவின் சிப்பாய்களும் உண்டு. இரவு அவர்கள் தூங்காமல் பேசி, இனி மக்களைச் சுடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். விடிந்ததும் அதிகாரியைக் கொன்றுவிட்டு அடுத்த முகாம்களுக்கு ஓடினார்கள். மாலைக்குள் பல்லாயிரம் சிப்பாய்கள் மக்கள் பக்கம்.

பழைய காவல்படைகளின் பயிற்சி பெற்ற வீரர்கள் 1914–16 போர்களிலேயே செத்துப்போயிருந்தார்கள். தலைநகரில் இருந்தவர்கள் புதிதாகப் பிடித்துவந்த ஆட்களும் வயதான குடும்பஸ்தர்களும். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தால் அவர்களுக்குத் தங்கள் வீடு ஞாபகம் வராதா? முற்றுகைச் சட்டம் அறிவித்த சுவரொட்டிகளை ஒட்டுவதற்குப் பசையும் தூரிகையும்கூடத் தளபதி கபாலோவுக்குக் கிடைக்கவில்லை. அரசு என்ற ஒன்றே அங்கே இல்லை.

நிலவன்

அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் பெத்ரோகிராத் என்பது ரஷ்யா இல்லை. 1905-ல் மாஸ்கோ எழுச்சியைப் படை அடக்கியது. 1917-ல் போர்முனையில் லட்சக்கணக்கில் படை இருந்தும் ஏன் அடக்கவில்லை? தளபதிகள் விரும்பவில்லை.

அடக்குவதற்கு அனுப்பிய ஜெனரல் இவானோவ் ஜார்ஸ்கோயே செலோ வரை வந்து திரும்பிப் போனார். ஜார் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பிய ரயில், முன்னால் பாதை கலகக்காரர் கையில் என்று மாலயா விஷேராவில் நின்று, திரும்பி, மார்ச் 1 மாலை ப்ஸ்கோவ் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை தலைமை அதிகாரி அலெக்சேயேவ் எல்லாப் போர்முனைத் தளபதிகளுக்கும் தந்தி அடித்தார்: முடிதுறப்பதுதான் ஒரே வழி, ஒப்புக்கொள்பவர்கள் ஜாரிடம் உடனே சொல்லுங்கள். பிற்பகலுக்குள் பதில்கள். புருசிலோவ் ஆம் என்றார். எவர்ட் ஆம். தலைநகரில் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்த டூமா குழுவைக் கொள்ளைக்கூட்டம் என்று திட்டிவிட்டுச் சகரோவும் ஆம். காக்கேசியாவிலிருந்து கிராண்ட் டியூக் நிக்கோலாய் மண்டியிட்டுக் கேட்பதாக எழுதினார், 1915-ல் நீக்கப்பட்ட அதே நிக்கோலாய். இதற்கு முந்தைய நாளே இன்னொரு கிராண்ட் டியூக் கிரில் தன் கடற்படைக் காவலர்களோடு டூமாவுக்கு அணிவகுத்துப் போய்விட்டார்.

இரவு வந்த டூமா பிரதிநிதிகள் குச்கோவ், ஷுல்கின். இரண்டு பேரும் முடியாட்சிவாதிகள். முடிதுறப்பில் நிக்கோலாஸ் கையெழுத்திட்டது பென்சிலில். நாட்குறிப்பில் அவர் எழுதியது: சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம்.

குறிஞ்சி77

ஒரு சந்தேகம். அவர் விலகினால் மகன் அலெக்சிதானே அடுத்த ஜார்? அவன் பெயரே ஏன் வரவில்லை?

ஆற்றங்கரை

முதலில் மகனுக்குத்தான் விட்டுக்கொடுத்தார். அப்புறம் மருத்துவர் ஃபியோதரவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். நோய் தீராது, பெற்றோரைவிட்டுப் பையனைப் பிரித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் மனம் மாறி, மகனுக்கும் சேர்த்து விலகி, தம்பி மிக்கேலுக்குக் கொடுத்தார். 1797-ல் பால் ஜார் எழுதிய வாரிசுச் சட்டப்படி, வாரிசின் உரிமையைத் தகப்பன் துறக்க முடியாது. தகப்பனாக அந்த முடிவு எனக்குப் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் மேல் யாருக்கும் கோபம் இல்லை; அவனை வைத்து ஒரு பொறுப்பாட்சி அமைக்கலாம் என்றுதான் டூமாக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கும் போயிற்று.

மிக்கேலிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவே இல்லை. மார்ச் 3 காலை, மில்லியோன்னாயா தெருவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தவரை, டூமாக்காரர்கள் புதிதாக அமைத்திருந்த தற்காலிக அரசினர் வந்து சந்தித்தார்கள். மிலியுக்கோவும் குச்கோவும் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். சோஷலிஸ்டான கெரென்ஸ்கியும் டூமாத் தலைவர் ரத்சியாங்கோவும் வேண்டாம் என்றார்கள். மிக்கேல் ரத்சியாங்கோவிடம் தன் உயிருக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில். எல்லோரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கொண்டால் மட்டும் ஏற்பேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். முடியாட்சி முடிந்தது அன்றுதான். நிக்கோலாசுக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. இப்படி ஒரு குப்பையில் கையெழுத்துப் போடச் சொன்னது யாரோ என்று நாட்குறிப்பில் எழுதினார். சிம்மாசனம் போன பிறகும் அவரை உறுத்தியது தேர்தல் என்ற சொல்! என் 1906–07 வாதத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தச்சநல்லூரான்

மார்ச் 3-க்குப் பிறகு கிராமங்களில் ஜாருக்காக ஒரு கலகம்கூட எழவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சபையும் சில நாளில் தற்காலிக அரசை ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் புகலிடம் தருவதாகச் சொல்லி, மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தயங்கியதால் பின்வாங்கியது. அவர் நிக்கோலாசுக்குத் தாய்வழியில் சகோதரர். ஜார் குடும்பத்தை முதலில் தபோல்ஸ்கிலும் பிறகு எக்கத்தெரின்பர்கிலும் சிறை வைத்தார்கள். 1918 ஜூலையில் குழந்தைகளையும் சேர்த்து நிலவறையில் சுட்டுக் கொன்றது மன்னிக்க முடியாத கொலை. ஜார் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அதை நியாயப்படுத்த மாட்டேன். மிக்கேலை அதற்கு ஒரு மாதம் முன்பே பெர்ம் நகருக்கு அருகே கொன்றிருந்தார்கள்.

குறிஞ்சி77

மிக்கேல் தைரியமாக ஏற்றுக்கொண்டிருந்தால் நிலைத்திருக்குமா?

பழையபேப்பர்

வாய்ப்பே இல்லை என்பது என் கருத்து. ப்ஸ்கோவிலிருந்து திரும்பிய குச்கோவ் ரயில் நிலையப் பட்டறைத் தொழிலாளர்களிடம் புதிய ஜாரைப் பற்றிப் பேசப் போய், அவர்கள் கையில் சிக்கிக்கொண்டு, தப்பி வந்ததே பெரும்பாடு. சிப்பாய்களின் நிலையையும் யோசியுங்கள். 27-ம் தேதி காலை அதிகாரியைக் கொன்று, எடுத்த உறுதிமொழியை மீறி வெளியே வந்தவர்கள். எந்த ஜார் வந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் படைச் சட்டத்தில் அதற்குத் தண்டனை தூக்கு. ஜார் இல்லாத நாட்டில்தான் அவர்கள் புரட்சி வீரர்கள். தலைநகரில் துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் அவர்கள்தான். மிக்கேலைக் காக்க யார் போயிருப்பார்கள்?